முளைக்கும் பயறும் உப்புத் தண்ணீரும்: வந்த எண்ணை மாற்றுவதா, சோதனையை மாற்றுவதா?

எட்டாம்_வகுப்பு_டீச்சர்

அறிவியல் கண்காட்சிக்கு எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி "உப்புத் தண்ணீரில் பாசிப்பயறு முளைக்குமா?" என்று தலைப்பு எடுத்திருக்கிறாள். இதுவரை செய்தது இவ்வளவு:

மூன்று பேப்பர் கப், அடியில் பஞ்சு, கப்புக்கு 10 பயறு. 'அ' கப்பில் குழாய்த் தண்ணீர். 'ஆ' கப்பில் லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் தூள் உப்பு கரைத்த தண்ணீர். 'இ' கப்பில் லிட்டருக்கு மூன்று டீஸ்பூன். பஞ்சு காயக் காய அந்தந்தத் தண்ணீரையே மறுபடி ஊற்றினாள். மூன்றும் ஜன்னல் திட்டில் வரிசையாக இருந்தன. 48 மணி நேரம் கழித்து எண்ணினால் அ: 6, ஆ: 7, இ: 2.

"கொஞ்சம் உப்பு இருந்தால் பயறு நன்றாக முளைக்கும்" என்று முடிவு எழுதி வைத்திருக்கிறாள். 'அ' கப்பில் மூன்று பயறு நொளநொளத்துப் போய் நாற்றம் வேறு. "அதில் 9 என்று போட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்" என்று பக்கத்தில் இருப்பவர்கள் சொல்கிறார்கள். எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. கண்காட்சிக்கு இன்னும் 12 நாள் இருக்கிறது. எங்கே தப்பு நடந்தது, எதைத் திருத்தி மறுபடி செய்யச் சொல்லலாம்? ஆய்வகம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. சமையலறைத் தராசும் அளவு ஜாடியும் உண்டு.

---

விதைநேர்த்தி

9 என்று மாற்றவே வேண்டாம் டீச்சர். அந்த 6-தான் சோதனையில் எங்கே ஓட்டை என்று காட்டிக்கொடுக்கிறது. அதை அழித்தால் ஓட்டை அப்படியே இருக்கும், தெரியாமல் மட்டும் போகும்.

நொளநொளத்து நாறிய பயறு என்றால் நீர் தேங்கி அழுகியது. விதை நீரை உறிஞ்சி ஊறியதும் வேகமாகச் சுவாசிக்கத் தொடங்கும். பஞ்சுக்கு மேல் நீர் நின்றால் ஆக்சிஜன் போதாது. ஊறிய விதையிலிருந்து சர்க்கரை கசியும், அதைத் தின்று பாக்டீரியா பெருகும். ஆகவே 'அ'வுக்கும் 'ஆ'வுக்கும் வித்தியாசம் உப்பு மட்டும் இல்லை, ஊற்றிய நீரின் அளவும்தான். இரண்டு விஷயம் சேர்ந்து மாறிவிட்டால், வந்த வித்தியாசம் எதனால் என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

அடுத்தது "காயக் காய ஊற்றினாள்" என்பது. பார்க்க நியாயமாகத்தான் தெரியும். கணக்குப் போட்டால்தான் விவகாரம் புரியும். லிட்டருக்கு 6 கிராம் உப்புள்ள நீர் 20 மி.லி. பஞ்சில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் உப்பு 0.12 கிராம். 10 மி.லி. ஆவியாகிறது. நீர்தான் போகும், உப்பு அங்கேயே இருக்கும். மறுபடி அதே உப்புத் தண்ணீர் 10 மி.லி. ஊற்றினால் உப்பு 0.18 கிராம் ஆகிறது, அதாவது லிட்டருக்கு 9 கிராம். இன்னொரு முறை ஊற்றினால் 12. இரண்டே தடவையில் அடர்த்தி இரட்டிப்பு. கப்பில் ஒட்டிய சீட்டில் என்னவோ இன்னும் "ஒரு ஸ்பூன்" என்றுதான் இருக்கும். மூடி போட்டு ஆவியாகாமல் பார்க்க வேண்டும். அப்படியும் காய்ந்தால் உப்பில்லாத தண்ணீரைத்தான் ஈடு கட்ட வேண்டும்.

ஸ்பூன் கணக்கும் ஆகாது. தலைதட்டிய டீஸ்பூனில் தூள் உப்பு சுமார் 6 கிராம் பிடிக்கும். குவித்து எடுத்தால் ஒன்றரை மடங்கு வரலாம். கல் உப்பு என்றால் வேறு எடை. தராசு இருக்கும்போது ஸ்பூன் எதற்கு?

குழாய்த் தண்ணீரையும் கவனியுங்கள். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயத்தில் கரைந்த உப்புகளின் ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம். வேறு நீர் கிடைக்காத இடத்தில் 2000 வரை விடுவார்கள். உங்கள் ஊர் போர் தண்ணீர் அந்த 2000-ஐ ஒட்டி இருந்தால், "உப்பில்லாத" கப்பிலேயே லிட்டருக்கு 2 கிராம் உப்பு இருக்கிறது என்று பொருள். ஆர்.ஓ. தண்ணீர் எடுத்து, எல்லாக் கரைசலையும் அதிலேயே தயாரியுங்கள்.

ஜன்னல் திட்டு கடைசிப் பிரச்சினை. காலை வெயில் ஓரத்துக் கப்பை முதலில் சுடும். பாசிப்பயறு முளைக்க வெளிச்சம் தேவையில்லை. 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் இருந்தால் போதும். அலமாரிக்குள் வையுங்கள்.

---

புளியங்கொட்டை_கணக்கு

மேலே சொன்ன தப்பு ஒன்றுகூட நடக்கவில்லை, எல்லாம் கச்சிதமாகச் செய்தாள் என்றே வைப்போம். அப்போதும் 6-க்கும் 7-க்கும் வித்தியாசம் இருப்பதாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

நூற்றுக்கு 80 முளைக்கும் விதை இருக்கிறது. அதிலிருந்து 10 எடுத்து ஒரு கப், இன்னொரு 10 எடுத்து இன்னொரு கப். இரண்டிலும் ஒரே தண்ணீர். இரண்டிலும் ஒரே எண் வருமா? கணக்குப்படி நான்கு தடவைக்குக் கிட்டத்தட்ட மூன்று தடவை வெவ்வேறு எண்தான் வரும். இரண்டோ அதற்கு மேலோ வித்தியாசம் வருவதே நூற்றுக்கு 39 தடவை. கை வைத்து எடுத்ததில் எந்த விதை எந்தப் பக்கம் போனது என்பதாலேயே இவ்வளவு ஆட்டம். ஒன்று கூடக்குறைய இருப்பதை வைத்து உப்பைப் பற்றி ஒன்றும் பேச முடியாது.

சரி, 6-க்கும் 2-க்கும்? இதை அந்த மாணவியையே கையால் செய்து பார்க்கச் சொல்லுங்கள், வகுப்பில் எல்லோருக்கும் புரியும். 20 புளியங்கொட்டை எடுங்கள். 'அ', 'இ' இரண்டும் சேர்ந்து முளைத்தவை 8 அல்லவா, 8 கொட்டையில் சாக்பீஸால் புள்ளி வையுங்கள். எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் குலுக்கி, பார்க்காமல் 10 எடுங்கள். அந்தப் பத்தில் புள்ளி வைத்தவை எத்தனை என்று எழுதிவிட்டுத் திரும்பப் போட்டுக் குலுக்குங்கள். இப்படி 100 தடவை. நான்கு பிள்ளைகள் ஆளுக்கு 25 தடவை செய்தால் ஒரு பீரியடில் முடிந்துவிடும். சாக்பீஸ் தேய்ந்து போகும், இடையிடையே பார்த்துப் புதுப்பிக்க வேண்டும்.

இந்தக் குலுக்கலில் உப்பே கிடையாது. அப்படியிருந்தும் எடுத்த பத்தில் 6 அல்லது அதற்கு மேல் புள்ளி வருவது 100-க்கு 8 அல்லது 9 தடவை நடக்கும் (சரியான கணக்கு 8.5). ஆக, "உப்பு ஒன்றுமே செய்யவில்லை" என்றாலும் 6-க்கு 2 என்ற வித்தியாசம் 12 தடவைக்கு ஒரு தடவை தானாகவே வந்துவிடும். 'இ' கப்பில் உப்பு வேலை செய்திருக்கும் என்று சந்தேகப்படலாம். நிரூபித்துவிட்டதாகச் சொல்ல 10 விதை போதாது.

எத்தனை போதும்? 80 சதவீத விதையில் 10 எடுத்தால் எண்ணிக்கை வழக்கமாக 13 சதவீதப் புள்ளி இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆடும். 50 எடுத்தால் 6. 100 எடுத்தால் 4. விதைப் பரிசோதனைக்கான சர்வதேச விதிமுறையில் ஒரு மாதிரிக்கு 400 விதை, நூறு நூறாக நான்கு தொகுதி வைப்பது இதனால்தான். பள்ளிக்கு ஒரு தண்ணீருக்கு 50 விதை போதும்.

---

கேள்வி_சரியா

சுருக்கமாக ஒன்று. தலைப்பையே திருத்துங்கள். "முளைக்குமா?" என்று கேட்டால் ஒரே ஒரு பயறு முளைத்தாலும் "ஆம்" என்று பதில் வந்துவிடும். "நீரில் உப்பு கூடக் கூட, 48 மணி நேரத்தில் முளைக்கும் பயறின் எண்ணிக்கை எப்படி மாறுகிறது?" என்று கேட்கச் சொல்லுங்கள். இதில் சார்பற்ற மாறி, அதாவது நாம் மாற்றுவது, உப்பின் அடர்த்தி. சார்ந்த மாறி, அதாவது அதனால் மாறுகிறதா என்று பார்ப்பது, முளைத்த எண்ணிக்கை. விதை, நீரின் அளவு, வெப்பம், நேரம் ஆகிய நான்கும் மாறாமல் வைக்க வேண்டியவை.

கருதுகோள், அதாவது சோதனைக்கு முன் நாம் ஊகிக்கும் பதில், எழுதும்போது எது நடந்தால் அது தோற்றது என்று ஒத்துக்கொள்வோம் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். "உப்பு கூடினால் முளைப்பு குறையும். லிட்டருக்கு 15 கிராமிலும் சாதாரணத் தண்ணீர் அளவுக்கு முளைத்தால் என் கருதுகோள் தவறு." இந்த இரண்டாவது வாக்கியம் இல்லாத கருதுகோள் கண்காட்சிப் பலகையை நிரப்பும், அவ்வளவுதான். விதை போடும் முன்பே தேதியோடு எழுதிவிட வேண்டும்.

---

எட்டாம்_வகுப்பு_டீச்சர்

எல்லோருக்கும் நன்றி. கவனித்துப் பார்த்தால் 'அ' கப்பில்தான் அதிகம் ஊற்றியிருக்கிறாள், "நல்ல தண்ணீர்தானே" என்று. இனி அளவோடு செய்ய வைக்கிறேன். படிப்படியாக அளவுகள் சொல்ல முடியுமா? ஒரு தண்ணீருக்கு 50 விதை என்றால் ஒரே தட்டில் 50-ஐயும் பரப்பிவிடலாமா?

---

விதைநேர்த்தி

ஒரே தட்டில் வேண்டாம். அந்தத் தட்டில் பூஞ்சை வந்தாலோ நீர் ஒரு மி.லி. கூடிப்போனாலோ 50-ம் சேர்ந்து கெடும். கடைசியில் நீங்கள் ஒப்பிடுவது உப்பையா தட்டையா என்று தெரியாமல் போகும். பத்துப் பத்தாக ஐந்து டப்பாவில் பிரியுங்கள். நான்கு தண்ணீர், தண்ணீருக்கு 5 டப்பா, மொத்தம் 20 டப்பா, 200 பயறு.

டப்பா: ஓட்டலில் சட்னி, சாம்பார் கட்டித் தரும் மூடியுள்ள வட்ட பிளாஸ்டிக் டப்பா போதும். எல்லாம் ஒரே அளவாக இருக்க வேண்டும், புதிதாக வாங்குங்கள். பஞ்சை விட்டுவிடுங்கள். அதன் அடியில் நீர் தேங்குவது கண்ணுக்குத் தெரியாது. டிஷ்யூ பேப்பரை டப்பா அளவுக்கு வெட்டி இரண்டடுக்காகப் போடுங்கள். ஒரு டப்பாவில் 6 மி.லி. விட்டுச் சாய்த்துப் பாருங்கள். தாள் முழுதும் நனைந்து, ஆனால் நீர் ஓடாமல் இருக்க வேண்டும். ஓடினால் 5 மி.லி., தாள் நனையாவிட்டால் 7. எதுவானாலும் முடிவு செய்தபின் இருபதுக்கும் அதே அளவு. மருந்துக் கடையில் 10 மி.லி. சிரிஞ்ச் ஊசி இல்லாமல் கேட்டு வாங்குங்கள்.

கரைசல்: 20 கிராம் தூள் உப்பை எடை போட்டு, முதலில் அரை லிட்டர் நீரில் நன்றாகக் கரைத்து, பிறகு மொத்தம் 1 லிட்டர் ஆகும்வரை நீர் சேருங்கள். ஒரு லிட்டர் நீரில் 20 கிராம் கொட்டினால் மொத்தக் கனஅளவு லிட்டரைத் தாண்டும், பழக்கம் சரியாக இருக்கட்டும். சமையலறைத் தராசு அரை கிராம் பிசகினாலும் 20-இல் அது இரண்டரை சதவீதம்தான். நேராக அரை கிராம், ஒரு கிராம் என்று நிறுக்கப் போனால் பிழை பல மடங்காகும். அதனால்தான் ஒரே தாய்க்கரைசல் செய்து நீர்த்துக்கொள்கிறோம்:

லிட்டருக்கு 5 கிராம்: தாய்க்கரைசல் 25 மி.லி. + நீர் 75 மி.லி.
லிட்டருக்கு 10 கிராம்: 50 + 50.
லிட்டருக்கு 15 கிராம்: 75 + 25.
நான்காவது வெறும் ஆர்.ஓ. நீர். இதுதான் ஒப்பீட்டுக் குழு.

தலா 100 மி.லி. வரும், 30 மி.லி.தான் செலவாகும். மிச்சத்தை மூடி வையுங்கள்.

விதை: ஒரே பாக்கெட்டிலிருந்து 250 எடுத்து, உடைந்தது, சுருங்கியது, ஓட்டை விழுந்ததை முதலிலேயே நீக்குங்கள். விதை போட்ட பிறகு "இது நல்ல விதையில்லை" என்று எதையும் கழிக்கக் கூடாது. மீதியைக் கிண்ணத்தில் கலந்து, சீட்டு போடுவது போல டப்பாவுக்கு ஒன்றாக இருபதுக்கும் சுற்றிச் சுற்றிப் போடுங்கள். முதல் டப்பாவுக்குப் பத்து, அடுத்ததற்குப் பத்து என்று பொறுக்கினால் கை தன்னையறியாமல் பெரிய பயறை முதலில் எடுத்துவிடும், கடைசி டப்பாக்களுக்குப் பொடிப் பயறுதான் மிஞ்சும்.

இரவே வெறும் நீரில் ஊறவைக்கும் வீட்டுப் பழக்கம் இங்கே கூடாது. விதை நீரை உறிஞ்சும் கட்டத்தையே உப்பு தடுக்கிறதா என்றல்லவா பார்க்கிறோம்? காய்ந்த விதையை நேராகக் கரைசல் நனைந்த தாளில் வையுங்கள்.

நேரம்: மாலை 6 மணிக்குத் தொடங்குங்கள். 24, 36, 48 மணி நேரம் முறையே மாலை 6, காலை 6, மாலை 6-க்கு வரும். காலை 10 மணிக்குத் தொடங்கினால் 36-வது மணி இரவு 10-க்கு விழும், அந்தக் கணக்கு விட்டுப்போகும்.

"முளைத்தது" என்பதற்கு முளைவேர் 2 மி.மீ. வெளியே வந்திருக்க வேண்டும். தோல் வெடித்தது மட்டும் கணக்கில்லை. 2 மி.மீ. தடிமனில் ஓர் அட்டைத் துண்டை வெட்டிக் கையில் கொடுங்கள், பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும். முளைக்காததை மூன்றாகப் பிரித்து எழுதுங்கள்: ஊறியும் முளைக்காதது, அழுகியது, கல் போல ஊறாமலே இருப்பது. பயறு வகையில் சில விதைக்குத் தோல் நீரை விடாது, கடின விதை என்பார்கள். அதற்கும் உப்புக்கும் சம்பந்தமில்லை.

முதலில் வெறும் நீரில் மட்டும் 3 டப்பா வெள்ளோட்டம் விடுங்கள். சான்று பெற்ற பாசிப்பயறு விதைக்கே குறைந்தபட்ச முளைப்புத்திறன் 75 சதவீதம் என்றுதான் வைத்திருக்கிறார்கள், ஆகவே நூற்றுக்கு நூறு வராவிட்டால் பயப்பட வேண்டாம். 30-க்கு 22-க்கும் கீழே போனால் பயறு பழையது, கடையை மாற்றுங்கள். 12 நாளில் வெள்ளோட்டம் ஒன்று, சோதனை இரண்டு முறை தாராளமாக முடியும்.

---

புளியங்கொட்டை_கணக்கு

மேலே உள்ளதோடு இரண்டு சேர்க்கை.

எண்ணுகிறவருக்கு எந்த டப்பாவில் எந்த நீர் என்று தெரியக் கூடாது. 1.9 மி.மீ. வேரைப் பார்த்து "இது வெறும் தண்ணீர் டப்பா" என்று தெரிந்தால் மனசு 2 என்று சொல்லும், உப்பு டப்பா என்றால் "இன்னும் வரவில்லை" என்று சொல்லும். பொய் சொல்லும் எண்ணம் துளியும் இல்லாத பிள்ளைக்கும் இது நடக்கும், பெரியவர்களுக்கும் நடக்கும். 1 முதல் 20 வரை சீட்டு எழுதிக் குலுக்குங்கள். சீட்டில் வந்த எண்ணை டப்பாவில் ஒட்டி, எந்த எண்ணுக்கு எந்தக் கரைசல் என்ற பட்டியலை நீங்கள் உறையில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். கரைசலை ஊற்றுவது வேறொரு பிள்ளை. மூன்று கணக்கெடுப்பும் முடிந்தபின்தான் உறையைப் பிரிக்க வேண்டும். அலமாரியில் 1, 2, 3 என்று எண் வரிசையில் அடுக்கினாலே இடமும் குலுங்கிவிடும், மூலையில் உள்ள சூடு ஒரே கரைசலின் தலையில் விழாது.

கணக்குப் பார்ப்பதும் சுலபம். விதையை விட்டுவிட்டு டப்பாவை ஒப்பிடுங்கள். வெறும் நீர் டப்பா ஐந்தின் எண்கள், 15 கிராம் டப்பா ஐந்தின் எண்கள், இரண்டையும் ஒரே கோட்டில் புள்ளியாக வையுங்கள். பத்து டப்பாவை ஐந்து ஐந்தாகப் பிரிக்க 252 வழி உண்டு. வெறும் நீர் ஐந்தும் மேலே, உப்பு ஐந்தும் கீழே என்று ஒன்றுகூடக் கலக்காமல் பிரிந்தால், அது தற்செயலாக அமைய 252-இல் ஒரே ஒரு வழிதான். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு இதைவிடத் தெளிவான ஆதாரம் தேவையில்லை. புள்ளிகள் கலந்து கிடந்தால் "வித்தியாசம் தெரியவில்லை" என்று எழுத வேண்டும். 5 கிராமில் அப்படி வர நிறைய வாய்ப்பு உண்டு.

அங்கே ஏமாற வேண்டாம். முளைவேரின் நீளம் எண்ணிக்கையைவிட நுட்பமாகக் காட்டிக்கொடுக்கும். 72-வது மணியில் வேரின் மேல் நூலை ஒட்டி வளைத்து, நூலை ஸ்கேலில் நீட்டி அளக்கச் சொல்லுங்கள். ஸ்கேலை நேராக வைத்தால் வளைந்த வேரெல்லாம் குட்டையாகத் தெரியும்.

---

எட்டாம்_வகுப்பு_டீச்சர்

அட்டவணை போட்டுவிட்டோம், வெள்ளோட்டம் இன்று மாலை ஆரம்பம். இதற்குள் மாணவி ஒன்று கேட்டாள், எனக்குச் சரியாகப் பதில் சொல்லத் தெரியவில்லை. "உப்பு விஷம் என்பதால் முளைக்கவில்லையா, இல்லை உப்பு தண்ணீரை உறிஞ்ச விடாததாலா?" இதை நம்மிடம் இருக்கும் பொருளை வைத்துச் சோதிக்க வழி உண்டா?

---

விதைநேர்த்தி

அருமையான கேள்வி. வழி இருக்கிறது, சர்க்கரை.

கரைசலில் துகள்கள் கூடக் கூட விதைக்குள் நீர் போவது கடினமாகிறது, சவ்வூடு பரவல் பாடத்தில் வருவதுதான். இதற்கு உப்புதான் வேண்டும் என்றில்லை, சர்க்கரையும் அதே வேலையைச் செய்யும். ஆனால் உப்பில் உள்ள சோடியமும் குளோரைடும் சர்க்கரையில் கிடையாது. ஆகவே உப்புக்கு இணையாக நீரைப் பிடித்து வைக்கும் சர்க்கரைக் கரைசல் ஒன்றைச் சேர்த்துவிட்டால் இரண்டு காரணமும் பிரிந்துவிடும். லிட்டருக்கு 5.8 கிராம் உப்புக்கு ஈடு சுமார் 65 கிராம் சர்க்கரை. இவ்வளவு சர்க்கரையா என்று தோன்றும். சர்க்கரை மூலக்கூறு உப்பைப் போல ஆறு மடங்கு எடை, தவிர உப்பு நீரில் இரண்டாகப் பிரியும், சர்க்கரை பிரியாது. உங்கள் 10 கிராம் கரைசலுக்கு இணை வேண்டுமானால் லிட்டருக்குச் சுமார் 110 கிராம். 100 மி.லி.க்கு 11 கிராம் நிறுத்தால் போதும்.

சர்க்கரை டப்பாவும் உப்பு டப்பாவும் ஒரே அளவுக்குப் பின்தங்கினால் நீர் கிடைக்காததுதான் முக்கியக் காரணம். உப்பு டப்பா சர்க்கரையைவிட மோசம் என்றால், உப்பின் அயனிகளும் (நீரில் பிரிந்த சோடியம், குளோரைடு) சேர்ந்து கெடுக்கின்றன. இதில் ஓர் ஆபத்து இருக்கிறது: சர்க்கரையில் பூஞ்சையும் பாக்டீரியாவும் சீக்கிரம் வரும். டப்பாக்களைச் சோப்பு போட்டுக் கழுவி உலர்த்தி, பயறை மூன்று முறை அலசித் துடைத்து உடனே போடுங்கள். 36-வது மணிக் கணக்கை நம்புங்கள். அதன் பிறகு தாளில் வழவழப்பு தெரிந்தால் அந்த டப்பாவின் 48-வது மணிக் கணக்கை "பூஞ்சை" என்ற குறிப்போடு எழுதுங்கள், நீக்க வேண்டாம்.

இப்படி ஒரு காரணத்தை மட்டும் பிரித்தெடுக்கும் ஒப்பீட்டுக்கு அழகான முன்னுதாரணம் இறைச்சியிலிருந்து புழு தானாகவே பிறக்கிறதா என்று பார்க்க இத்தாலிய மருத்துவர் பிரான்செஸ்கோ ரெடி செய்து, 1668-இல் வெளியிட்ட இறைச்சிச் சோதனை. திறந்த ஜாடியில் புழு வந்தது, இறுக மூடிய ஜாடியில் வரவில்லை. "மூடியதால் காற்றுப் போகவில்லை, அதனால்தான் வரவில்லை" என்று யாரும் சொல்லலாம் அல்லவா? அதற்காக மெல்லிய துணியால் மூடிய ஜாடிகளையும் வைத்தார். காற்று போகும், ஈ போகாது. இறைச்சியில் புழு இல்லை. உங்கள் மாணவிக்குச் சர்க்கரை டப்பாதான் அந்தத் துணி மூடிய ஜாடி.

இன்னொன்று செலவே இல்லாதது. 15 கிராம் டப்பாவில் ஊறியும் முளைக்காத பயறைச் செத்ததென்று தூக்கி எறியாதீர்கள். வெறும் நீரில் மூன்று முறை அலசி, புதுத் தாளில் வெறும் நீர் 6 மி.லி. விட்டு இன்னும் 48 மணி நேரம் வையுங்கள். முளைத்துவிட்டால் உப்பு கொல்லவில்லை, தடுத்து வைத்திருந்தது என்று தெரியும். "கொன்றது", "தடுத்தது" இரண்டும் வேறு வேறு முடிவு. இந்தப் படி செய்யாமல் இரண்டில் எதையும் பலகையில் எழுதக் கூடாது.

---

கேள்வி_சரியா

முடிவு வாக்கியத்தைப் பற்றி. "உப்பு பயிருக்குக் கெடுதல்" என்று எழுத வேண்டாம். சோதித்தது பயிரை அல்ல, விதையை. மண்ணில் அல்ல, தாளில். ஒரு பாக்கெட் பாசிப்பயறில், ஒரே உப்பில். "இந்தப் பயறில், லிட்டருக்கு 15 கிராம் உப்புள்ள நீரில் 48 மணி நேரத்தில் 50-க்கு இத்தனை முளைத்தன, வெறும் நீரில் 50-க்கு இத்தனை" என்பதே முடிவு. அதற்குக் கீழே "இதனால் இப்படி இருக்கலாம் என்று நினைக்கிறேன்" என்று தனி வரியில் விளக்கம்.

அளவு சரியாக இருந்தும் முடிவு அளவைத் தாண்டிப் போகலாம். வான் ஹெல்மான்ட் என்ற பழைய கால விஞ்ஞானி 200 பவுண்டு காய்ந்த மண்ணில் 5 பவுண்டு வில்லோ கன்று நட்டு, ஐந்து வருடம் தண்ணீர் மட்டும் ஊற்றினார். மரம் 169 பவுண்டு 3 அவுன்ஸ் ஆனது. மண்ணில் குறைந்தது சுமார் 2 அவுன்ஸ். மண் மரமாகவில்லை என்பது வரை அவர் அளந்தது நிற்கிறது. மரம் முழுக்கத் தண்ணீரால் ஆனது என்று அடுத்த அடி வைத்ததில்தான் தவறினார். காற்றை அவர் கணக்கில் சேர்க்கவே இல்லை. 1648-இல் அச்சான சோதனை அது. உங்கள் மாணவி எழுதிய "கொஞ்சம் உப்பு இருந்தால் நன்றாக முளைக்கும்" என்பதும் அதே மாதிரி ஓர் அடி கூடுதல்.

பழைய 6, 7, 2 என்ன ஆவது என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது. நோட்டின் முதல் பக்கத்தில் அப்படியே இருக்கட்டும், பேனாவில். மேலே "முன்னோட்டம்" என்று தலைப்பு. கீழே நான்கு வரி: நீரின் அளவு ஒன்றாக இல்லை, ஆவியானதை உப்பு நீரால் ஈடு கட்டியது, ஸ்பூன் அளவு, கப்புக்கு 10 விதை மட்டும். எழுதிய எண்ணைத் திருத்த வேண்டி வந்தால் ஒரே கோடாக அடித்துப் பக்கத்தில் புது எண்ணும் காரணமும், ஒயிட்னர் வேண்டாம். நடுவர் யாராவது "ஏன் 20 டப்பா?" என்று கேட்டால் அந்த முதல் பக்கத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

---

எட்டாம்_வகுப்பு_டீச்சர்

வெள்ளோட்ட எண்ணிக்கை வந்துவிட்டது. 48 மணியில் மூன்று டப்பாவிலும் சேர்த்து 30-க்கு 26, அழுகல் இல்லை, இரண்டு கடின விதை. 6 மி.லி.யில் நீர் ஓடவில்லை. சர்க்கரைக் கரைசலுக்கு 5 டப்பா கூடுதலாகச் சேர்த்து மொத்தம் 25 ஆக்கிவிட்டோம், சீட்டும் 25 வரை எழுதியாயிற்று. நாளை மாலை 6 மணிக்கு விதை போடுகிறார்கள். பட்டியல் உறையில், உறை என் பீரோவில்.